அட்டவணையில் லென்ஸைக் காணோமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் முதல் கேமரா வாங்கப் போகிறவர்களுக்காக ஒரு முழுப் பக்கக் கட்டுரையும், அதன் அடியில் பத்து கேமராக்களை வரிசைப்படுத்தி ஓர் அட்டவணையும் போட்டிருந்தீர்கள். ஆசையாகத்தான் படித்தேன். இருபது வருடமாகப் படம் எடுக்கிறேன், தொழிலாக இல்லை, பைத்தியமாக. கட்டுரையில் பெரிய தப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த அட்டவணையைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மெகாபிக்சல் எத்தனை, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணர்கிற திறன்) எதுவரை போகும், நொடிக்கு எத்தனை படம் எடுக்கும், 4கே வீடியோ உண்டா, எடை எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறீர்கள். லென்ஸுக்கு மட்டும் ஒரு கட்டம்கூட இல்லை. யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்தானாம் என்று சொல்வார்களே, அந்தக் கதையில் யானையை வாங்கி ஏமாந்தவன் நான்தான் என்பதால் எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் கேமரா வாங்கப் போனபோது, இப்போது உங்கள் அட்டவணையைப் படிக்கிற பிள்ளைகள் செய்யப்போவதைத்தான் நானும் செய்தேன். சேமித்த பணத்துக்குள் எட்டிய பாடிகளில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராக்களில், எதில் மெகாபிக்சல் அதிகமோ அதைப் பிடித்தேன், மீந்த சில்லறைக்கு ‘எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் போதும் சார்’ என்று சொல்லிக் கொடுத்த 18-200 மி.மீ. ஜூம் ஒன்றை மாட்டிக்கொண்டேன். பகலில் வெளியே எடுத்தபோது பிரமாதமாக இருந்தது. அப்புறம் அக்கா மகள் பள்ளி நாடகத்தில் நடித்தாள். மேடை வெளிச்சம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கண்ணுக்குப் போதும், கேமராவுக்குப் போதாது. 200 மி.மீ.க்கு இழுத்தால் அந்த லென்ஸின் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சம் விழ அது திறந்திருக்கும் நேரம், 25-ல் ஒரு பங்கு நொடிக்கு இறங்கிவிட்டது, பிள்ளையோ மேடையில் குதித்துக்கொண்டிருக்கிறாள். ஐஎஸ்ஓவை ஏற்றினேன், படம் முழுக்க மணலை வாரி இறைத்தது போல ஆகிவிட்டது. நூற்றுச்சொச்சம் படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பக்கத்தில் ஒருவர் என்னுடையதைவிடப் பழைய, மெகாபிக்சல் பாதிகூட இல்லாத கேமராவில் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் திரையில் அவள் முகத்தின் பொட்டு முதற்கொண்டு தெளிவாக இருந்தது. எனக்கு அன்று அவர்மேல் வந்த பொறாமை இன்னும் முழுசாகப் போகவில்லை.

இது ஏதோ அவருடைய கைராசி என்று ரொம்ப நாள் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. எஃப் எண் என்பது லென்ஸின் குவிய நீளத்தை, அதாவது அந்த 200, 85 மி.மீ. என்ற எண்ணை, அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது, அதனால்தான் எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். உள்ளே வரும் வெளிச்சம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள், ஏறக்குறைய 9.7 வரும். அதாவது அதே மேடையில், அதே ஐஎஸ்ஓவில், எனக்கு 25-ல் ஒரு பங்கு நொடி கிடைத்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட 250-ல் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. குதிக்கிற பிள்ளையை 250-ல் பிடிக்கலாம், 25-ல் பிடிக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். என் லென்ஸில் குலுக்கலைத் தடுக்கிற ஏற்பாடு இருந்ததே என்று கேட்கலாம். அது என் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், அவள் குதிப்பதை எப்படித் தடுக்கும்?

சரி, வெளிச்சத்தைப் படமாக்குகிற சென்சார் பெரிதாக இருக்கிற கேமரா வாங்கியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லக்கூடும், ஃபுல் ஃப்ரேமைப் பற்றி அவ்வளவு உருகி எழுதியிருக்கிறார். அதையும் கணக்குப் போட்டுவிடலாம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. நிக்கான், சோனி, ஃபூஜி எல்லாம் வைக்கிற ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சார் சுமார் 23.5-க்கு 15.6, ஏறக்குறைய 367 சதுர மி.மீ. கேனானுடையது இன்னும் கொஞ்சம் சின்னது. ஆக, ஃபுல் ஃப்ரேமுக்குத் தாவினால் அதே எஃப் எண்ணில் கிடைக்கிற மொத்த வெளிச்சம் இரண்டேகால் மடங்கு சொச்சம் கூடும். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் லென்ஸை மாற்றினால் பத்து மடங்கு கிடைக்கிற இடத்தில், பாடிக்காக அதைவிடப் பல மடங்கு பணம் கொட்டி இரண்டு மடங்கு சொச்சத்தை வாங்குவது என்ன கணக்கு? தவிர ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் லென்ஸ்களும் பெருக்கும், கனக்கும், விலையும் ஏறும். அதை முதல் நாளில் யாரும் சொல்லமாட்டார்கள்.

மெகாபிக்சலைப் பற்றி இரண்டே வரி. 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000-க்கு 4000 புள்ளி, அதை 48 ஆக்கினால் படம் இரண்டு மடங்கு கூர்மையாகிவிடும் என்று நினைக்கிறோம், நீளத்திலும் அகலத்திலும் பிரிந்து போவதால் பக்கத்துக்கு 1.4 மடங்குதான் கூடும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடிக்க 9 மெகாபிக்சல்கூடத் தேவையில்லை, 4கே டிவி திரை முழுவதற்குமே 8.3 மெகாபிக்சல்தான். அப்புறம் ஐஎஸ்ஓ 51,200 வரை போகும் என்று கட்டத்தில் போட்டிருக்கிறீர்களே, காரின் வேகமானியில் 220 என்று எழுதியிருக்கும் பாருங்கள், ஏறக்குறைய அந்த மாதிரிதான் அதுவும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவை வாங்குகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, பாடியின் முகத்தில் இருக்கிற அந்த உலோக வளையத்துக்குத்தான் கட்டுப்படுகிறார். மவுண்ட் என்பார்கள். கேனானின் ஆர்எஃப், நிக்கானின் இசட், சோனியின் இ, ஃபூஜியின் எக்ஸ், இப்படி ஒவ்வொன்றும் தனி உலகம், ஒன்றின் லென்ஸ் இன்னொன்றில் நேராகப் பொருந்தாது. பாடியை நாலைந்து வருடத்தில் மாற்றுவோம், நல்ல லென்ஸ் பதினைந்து இருபது வருடம் கூட வரும். என்னிடம் இப்போது இருப்பது மூன்றாவது பாடி, ஆனால் இரண்டாவதாக வாங்கிய லென்ஸ் இன்னும் அதே லென்ஸ். அதனால் எந்த வளையத்துக்குள் போகிறோம், அதில் நம் கைக்கு எட்டுகிற விலையில் என்னென்ன லென்ஸ் கிடைக்கிறது, பழையவை புழக்கத்தில் இருக்கின்றனவா, வேறு கம்பெனிகளும் அந்த மவுண்டுக்கு லென்ஸ் செய்கின்றனவா என்பதையெல்லாம் முதலில் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பாடியைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மவுண்ட் செத்துப்போவதும் உண்டு. நிக்கான் 2011-ல் ‘1’ என்ற பெயரில் சின்ன சென்சார் வைத்த ஒரு வரிசையைக் கொண்டுவந்தது, 2018-ல் மூடிவிட்டது. கேனான் 2012-ல் ஆரம்பித்த இஎஃப்-எம் வரிசை அடக்கமான, நல்ல கேமராக்கள், எத்தனையோ பேருக்கு முதல் கேமரா அதுதான். 2023-ஓடு அதுவும் முடிந்தது, அந்த லென்ஸ்கள் இப்போதைய ஆர்எஃப் கேமராவில் பொருந்தாது. வாங்கியவர்கள் கையில் இருப்பது நன்றாகத்தான் படம் எடுக்கிறது, ஆனால் அடுத்த படி ஏற வழியில்லை. இன்னொரு பக்கம் கேனான் 1987-ல் கொண்டுவந்த இஎஃப் லென்ஸை இன்றைய ஆர்எஃப் பாடியில் ஓர் அடாப்டர் போட்டு மாட்டினால் ஆட்டோஃபோக்கஸோடு வேலை செய்கிறது. நிக்கானில் இன்னும் கொஞ்சம் சூதானம் வேண்டும். அதன் பழைய மவுண்டான எஃப் மவுண்ட் 1959-லிருந்து இருப்பதால் பழைய லென்ஸ் கடலளவு கிடைக்கும், ஆனால் உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் மாட்டினால் ஆட்டோஃபோக்கஸ் வராது, கையால்தான் திருக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, லென்ஸ் ரிப்பேர் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்கே தெரியும். உங்கள் அட்டவணையில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் எத்தனை பேருக்கு உபயோகமாக இருந்திருக்கும்!

சரி, எந்த லென்ஸ்? இதற்குக் காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள், ஃபோனில் எடுத்ததானாலும் சரி. வீட்டுக்குள் ஆட்களை எடுத்திருக்கிறோமா, தூரத்துப் பறவையை இழுத்து இழுத்துக் குட்டிச்சுவராக்கியிருக்கிறோமா, பூவின் மேல் எறும்பா, மலையா, தெருவா? அதில் எந்தப் படத்தைப் பார்த்தால் ‘ச்சே, இன்னும் கொஞ்சம் நன்றாக வந்திருக்கலாமே’ என்று வயிறு எரிகிறதோ, அந்த எரிச்சலுக்குத்தான் லென்ஸ் வாங்க வேண்டும். மலையையும் வானத்தையும் எடுக்கிறவருக்கு விலை உயர்ந்த லென்ஸ் தேவையே இல்லை, கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை ட்ரைபாடில் நிறுத்தி எஃப் 8-ல் எடுத்தால் அது கொடுக்கிற கூர்மைக்கு முன்னால் பெரிய லென்ஸ்காரர்களும் வாய் திறக்கமாட்டார்கள். கிட் லென்ஸை இளக்காரமாகப் பேசுவது இப்போது ஒரு ஃபேஷன், நம்பாதீர்கள். பறவைக்காரர்கள் பாவம், அவர்களுக்கு 400 மி.மீ.க்குக் குறைந்தால் பறவை புள்ளியாகத்தான் தெரியும், பணமும் தோள்வலியும் இரண்டும் வேண்டும். வீடியோ மட்டும்தான் எடுக்கப்போகிறேன் என்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், அது எனக்குத் தெரிந்த தொழில் இல்லை.

வீட்டுக்குள் மனிதர்களை எடுக்க ஆசைப்படுகிறவர்கள்தான் புதியவர்களில் அதிகம், அவர்களிடம் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ‘50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு’ என்கிறார்கள். பாதி சரி. அந்த 50 மி.மீ. பெருமை ஃபிலிம் காலத்திலிருந்து வருவது, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவில் பெரும்பாலும் அதை வைத்துத்தான் எடுத்தார். ஆனால் அவர் கையில் இருந்தது 36-க்கு 24 மி.மீ. ஃபிலிம். ஏபிஎஸ்-சி கேமராவில் அதே 50 மாட்டினால் பார்வை 75, 80 மி.மீ. போலச் சுருங்கிவிடும். ஒரு சாதாரண அறையில் இரண்டு பேரைச் சேர்த்து எடுக்கலாம் என்று பின்னால் போய்க்கொண்டே இருப்பீர்கள், முதுகு சுவரில் முட்டும், அப்போதும் ஒருவர் காது வெட்டுப்பட்டிருக்கும். அந்தக் கேமராவுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 தான் அந்தப் பழைய 50-இன் பார்வையைக் கொடுக்கும். முகத்தை மட்டும் நெருக்கி, பின்னணியைக் கரைத்து எடுக்க 50 அருமை, அது வேறு விஷயம். சந்தேகம் இருந்தால் கிட் லென்ஸை 35-ல் நிறுத்தி வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே எடுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் 50. எது மூச்சு முட்டுகிறது, எது தோதாக இருக்கிறது என்று லென்ஸ் வாங்காமலே தெரிந்துவிடும்.

பாடியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்றால், சொல்கிறேன், ஆனால் நான் சொல்லப்போவது எதுவும் அட்டவணையில் அடங்காது. கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் பிடியில் நிற்கிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா? கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் இருக்கிறதா? சில மலிவான மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கிற கண்ணாடி இல்லாத) கேமராக்களில் அது இல்லை, நல்ல வெயிலில் பின் திரையை மட்டும் வைத்துக்கொண்டு படம் எடுப்பது எவ்வளவு அவஸ்தை என்பது வாங்கிய பிறகுதான் தெரியும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடு வைத்துப் பாருங்கள், எனக்கு ஒரு கேமராவில் நாலு மூலையும் தெரியாமல் அதை அன்றே கீழே வைத்துவிட்டேன். ஷட்டருக்கு ஒரு சக்கரம், அப்பர்ச்சருக்கு, அதாவது லென்ஸ் துவாரத்துக்கு, ஒரு சக்கரம் என்று இரண்டு இருந்தால் கற்றுக்கொள்வது சீக்கிரம் நடக்கும். ஒரே சக்கரத்தை ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு இரண்டுக்கும் திருப்புகிற கேமராவில் புதியவர்கள் நாலு நாளில் சலித்துப்போய் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்கிற ஆட்டோ மோடிலேயே குடியேறிவிடுகிறார்கள்.

பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே பிரதிபலிக்கிற கண்ணாடி வைத்த கேமரா, வாங்கலாமா என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டுவிட்டு, ‘காலம் கடந்த தொழில்நுட்பம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார், இதில் எனக்கு அவரோடு சண்டை உண்டு. கேனானும் நிக்கானும் 2018-ல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸுக்கு வந்த பிறகு தங்கள் கவனத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்பது உண்மைதான், புது லென்ஸ் எல்லாம் அங்கேதான் வருகிறது, கண்ணைத் தேடிப்போய் ஃபோக்கஸ் பிடிப்பதில் மிரர்லெஸை அடித்துக்கொள்ள முடியாது. ஓடுகிற குழந்தையை எடுக்கிறவருக்கு அது பெரிய வரம். ஆனால் அதனாலேயே நல்ல நல்ல டிஎஸ்எல்ஆர் பாடிகளும் லென்ஸ்களும் இரண்டாம் கையாக மலிந்து கிடக்கின்றன. பாடியில் மிச்சம் பிடிக்கிற அந்தப் பணம் ஒரு நல்ல லென்ஸாக மாறும் என்றால் கற்றுக்கொள்கிறவனுக்கு என்ன நஷ்டம்? பேட்டரியும் அதில் நாள் முழுக்க நிற்கும்.

இரண்டாம் கையாக வாங்கும்போது மட்டும் கண்ணை அகல விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் என்றால் பெரும்பாலும் 1 லட்சம் தடவை என்பதுதான் கணக்கு, அதற்கு முன்னும் போகலாம், அதைத் தாண்டியும் ஓடலாம். எஃப் 16-ல் வைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் இருக்கிற தூசு எல்லாம் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். தூசைத் துடைக்கலாம், கீறல் என்றால் தொடாதீர்கள். லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போல உள்ளே மெல்லிசாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, விற்கிறவர் ‘துடைத்தால் போய்விடும்’ என்பார், கண்ணாடியின் பூச்சைத் தின்ற பிறகு அந்தத் தழும்பு போகவே போகாது. இதை எழுதும்போது என் அலமாரியில் இருக்கிற ஒரு 135 மி.மீ. லென்ஸ் ஞாபகம் வந்து மனசு கனக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

ஃபோன் இருக்கும்போது கேமரா எதற்கு என்று கட்டுரையின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான ஃபோன்களின் சென்சார் ஃபுல் ஃப்ரேமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து அடுக்கி ஒன்றாக்குகிற தந்திரத்தால் அது அசையாத காட்சியில் அசத்திவிடுகிறது. காட்சி அசைந்தால்தான் திணறும். என்னைக் கேட்டால், ஃபோனில் எடுப்பதில் உங்களுக்குக் குறை எதுவும் தெரியவில்லை என்றால் கேமரா வாங்கவே வேண்டாம், அந்தப் பணத்துக்கு எங்காவது போய் வாருங்கள், ஃபோனையும் எடுத்துக்கொண்டு.

அந்த அட்டவணையை மறுபடி எப்போதாவது போடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். ஐஎஸ்ஓ கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மவுண்ட் பெயரைப் போடுங்கள். நொடிக்கு எத்தனை படம் என்ற கட்டத்துக்குப் பதில், அந்த மவுண்டில் கிடைக்கிற மலிவான எஃப் 1.8 லென்ஸ் எது, அதன் விலை என்ன என்று போடுங்கள். எடையைப் போடும்போது லென்ஸையும் சேர்த்து நிறுத்துப் போடுங்கள், வெறும் பாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாரும் அலைவதில்லை. அப்புறம், ஏழாவது வரிசையில் இருக்கிற கேமராவுக்கு நீங்கள் போட்டிருக்கும் படம் எட்டாவது கேமராவுடையது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்